உச்சி வழி

என் கணவருக்கு வழி சொல்வது என் பிறவிக் குணம். அவர் சரக்கு வேன் ஓட்டுபவர். கடல் கடந்து நாங்கள் குடியேறிய இந்த நகரத்துச் சந்து பொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி. இருந்தாலும் பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்துவிட்டால் வாய் சும்மா இருக்காது. "இந்தப் பக்கம் திரும்புங்க, அங்கே போனா மாட்டிக்குவோம்" என்று ஆரம்பித்துவிடுவேன். அவர் பதிலுக்குக் கத்தியதே இல்லை. "டிரைவரோட பேசக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கும், படிச்சதில்லையா?" என்பார். பிறகு தன் வழியிலேயே போய் நேரத்துக்கு இறக்கியும் விடுவார். அதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

அப்படிப்பட்ட மனிதருக்கு எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடம் கெட்டுப்போனது. மருந்துகள் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தன, பிறகு கைவிட்டன. பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். பழைய ஊற்றை மருந்து கொடுத்து முழுவதுமாக அழித்துவிட வேண்டும். பிறகு வேறொருவருடைய ஊற்றிலிருந்து செல்களை எடுத்து இவருக்கு ஏற்ற வேண்டும். "அழிச்சதுக்கு அப்புறம் புதுசு வந்தே ஆகணும். பின்வாங்க முடியாது" என்றார். என் கணவர் தலையை ஆட்டிக்கொண்டே, "ஒன்வேன்னு சொல்லுங்க" என்றார். டாக்டர் சிரித்தார். எனக்கு இருவரையும் அறையலாம் போல் இருந்தது.

முதலில் நாத்தனாரைத்தான் சோதித்தார்கள். அவருடைய சொந்த அக்கா, தம்பியைத் தூக்கி வளர்த்தவள். பொருந்தவில்லை. அதை அவள் நோய் சம்பந்தப்பட்ட விஷயமாக எடுத்துக்கொள்ளவே இல்லை, அவமானமாக எடுத்துக்கொண்டாள். "கூடப் பிறந்தவ ரத்தம் ஒத்துக்காதாம், எவளோ ஒருத்தி ரத்தம் ஒத்துக்குமாம்! என்னடா நியாயம் இது?" என்று தம்பியிடமே சண்டைக்குப் போனாள்.

அந்த எவளோ ஒருத்தி உலகத்தின் மறுகோடியில் கிடைத்தாள். முப்பது சொச்சம் வயதுப் பெண் என்பதைத் தவிர எதுவும் சொல்ல மாட்டோம் என்றார்கள். பெயர் கூடாது, முகம் கூடாது, ஊர் கூடாது. அவள் கையிலிருந்து எடுத்ததை ஒரு பெட்டியில் வைத்து, ஒரு ஆள் மடியில் வைத்துக்கொண்டே விமானத்தில் வருவார். எடுத்ததிலிருந்து மூன்று நாளுக்குள் ஏற்றிவிட வேண்டும். தாமதமானால் உள்ளே இருப்பது ஒவ்வொன்றாகச் செத்துப்போகும்.

ஆஸ்பத்திரியில் இந்த ஏற்பாடுகளையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு இளம்பெண் இருந்தாள். எல்லாரும் அவளைக் கோஆர்டினேட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைப் போகிற இடமெல்லாம் பின்தொடர்ந்து நச்சரித்து, விமான எண்ணையும் கிளம்பும் விமான நிலையத்தின் பெயரையும் நான் வாங்கிவிட்டேன். அந்தப் பெயர் என் வாயில் ஒழுங்காக நுழையவே இல்லை. "அந்தப் பொண்ணு ஊர் அதுதான்னு நினைச்சுக்காதீங்க. விமானம் அங்கேருந்து கிளம்புது, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணிக்குக் கிளம்பி, ராத்திரி ஏழு மணிக்கு இங்கே இறங்கும்" என்றாள்.

நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"மூணுக்குக் கிளம்பி ஏழுக்கு இறங்குதா? அப்போ நாலு மணி நேரம்தானே!" என்றாள். "என் மாமியார் வீட்டுக்குப் போறதுக்கே அதுக்கு மேல ஆகும். உலகத்தோட மறுகோடின்னு ஏமாத்துறாங்க. பக்கத்துலதான் எங்கேயோ இருக்கா."

எனக்கும் கணக்கு சரியாகத்தான் பட்டது. நாலு மணி நேரம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று நிம்மதியாகவே இருந்தேன்.

அதற்குள் அவருடைய பழைய ஊற்றை அழித்துவிட்டார்கள். அவரை இரட்டைக் கதவு போட்ட தனி அறையில் வைத்தார்கள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, திறக்க முடியாத ஒரு ஜன்னல். கூட ஒருவர் மட்டும் இருக்கலாம். அங்கி, தொப்பி, முகமூடி மாட்டிக்கொண்டு நான் இருந்தேன். போனைக்கூட மருந்துத் துணியால் துடைத்து பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத்தான் தொட விட்டார்கள். அவர் தலையில் ஒரு முடி இல்லை. புருவமும் போய்விட்டது. உடம்பில் ஒரு துளி ரத்தமும் இனிப் புதிதாக ஊறாது. இருக்கிற கொஞ்ச நஞ்சம் தீரும் வரைதான். அந்தப் பெட்டி வந்தால் அவர் இருப்பார், வராவிட்டால் இல்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அறைக்குள் வந்த ஒவ்வொருவர் கண்ணிலும் அது இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கோஆர்டினேட்டர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். நான் வெளி அறைக்கு வந்தேன்.

"கிளம்பியாச்சு. நாலு மணி நேரமா பறந்துட்டு இருக்கு" என்றாள்.

"என்னம்மா சொல்றே? மத்தியானம் மூணு மணின்னு சொன்னியே. இப்போ விடிஞ்சு கொஞ்ச நேரம்தானே ஆச்சு?"

"அங்கே மூணு மணி அடிச்சாச்சு. நாம தூங்கிட்டு இருந்தப்போவே அங்கே மத்தியானம்."

"அப்போ நாலு மணி நேரம் பறந்தாச்சுன்னா, இறங்கியிருக்கணுமே?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். "கிளம்புற நேரம் அந்த ஊர் நேரம். இறங்குற நேரம் நம்ம ஊர் நேரம். நடுவுல பதினாறு மணி நேரம் பறக்கணும்."

பதினாறு மணி நேரம்! இத்தனை நாள் நான் நிம்மதியாக இருந்தது ஒரு தப்புக் கணக்கின்மேல். எந்த வண்டி பதினாறு மணி நேரம் நிற்காமல் ஓடும்? இவர் வேன் ஆறு மணி நேரம் ஓடினாலே இன்ஜின் சூடாகி மூடியைத் திறந்துபோட்டுவிட்டு நிற்போம்.

போனில் விமானத்தைப் பார்க்கலாம் என்று நாத்தனார் மகன் அவள் போனிலும் என் போனிலும் ஓர் ஆப் போட்டுக் கொடுத்திருந்தான். உள்ளே வந்து எண்ணைத் தட்டினேன். நீலமும் பச்சையுமாக உலகப் படம் விரிந்தது. இடது கோடியில் நாங்கள். வலது கோடியில் அந்த ஊர். இன்னும் அந்த ஊர்ப் பக்கத்திலேயே ஒரு குட்டி மஞ்சள் விமானம். அதன் மூக்கு எங்களைப் பார்த்து இல்லை. நேர் மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

சரி, திரும்பும் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. மேலே, மேலே, இன்னும் மேலே போய்க்கொண்டே இருந்தது. பச்சை தீர்ந்து வெள்ளை வந்தது. வெள்ளையில் ஊர்ப் பெயரே இல்லை. போன் அடித்தது.

"பாத்தியா? பாத்துட்டுதான் இருக்கியா?" நாத்தனார் குரல் பிளாஸ்டிக் பையையும் தாண்டி அறையில் கேட்டது. "எங்கேயோ வடக்கே போறான்! கடத்திட்டாங்கடி! பைலட்டுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு!"

"அண்ணி, கொஞ்சம் மெதுவா..."

"என்ன மெதுவா? படத்துல ஒரு கோடு போட்டா நேரா வந்துடலாம். சின்னப் பிள்ளைக்குத் தெரியும். இவன் ஏன் மேலே போறான்? ஐயையோ, இங்கே பாரு. படத்தை விட்டே போயிட்டான்!"

நான் பார்த்தேன். உண்மைதான். மஞ்சள் விமானம் படத்தின் மேல் விளிம்பைத் தொட்டது. பிறகு காணவில்லை. உலகத்தில் இல்லாத ஓர் இடத்துக்கு என் கணவர் உயிரை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வெளியே ஓடி கோஆர்டினேட்டரைப் பிடித்தேன். என்ன பேசினேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. வழி தெரியாத ஆளிடம் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன், யார் பொறுப்பு என்று கேட்டேன். அவள் காதில் ஒரு போன், கையில் ஒரு போன். "வழக்கமான வழிதாங்க அது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள். வழக்கமாகவே வழி தவறுவார்களா என்று அவள் முதுகைப் பார்த்துக் கத்தினேன்.

திரும்ப அங்கி மாட்டி உள்ளே வந்தபோது அவர் கண் விழித்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"வானத்துல போறவனுக்கும் வழி சொல்ல ஆரம்பிச்சுட்டியா?" என்றார்.

"சிரிக்காதீங்க. படத்தை விட்டே போயிடுச்சு."

"படம் தட்டை. பூமி தட்டையா? இங்கே வா." விரலால் தன் மொட்டைத் தலையைத் தட்டினார். "உருண்டை வேணும்னா இதோ இருக்கு. உன் வேலைதானே, அளந்து பாரு."

நான் தையல்காரி. அறைக்குள் அளவு நாடா கொண்டுவர விடமாட்டார்கள். நர்ஸ் வைத்துவிட்டுப் போயிருந்த கட்டுத்துணிச் சுருளில் ஒரு நீளம் இழுத்தேன். கையுறை போட்ட விரலை அவருடைய இடது காதுக்கு நாலு விரல் மேலே வைத்தேன். இது நாங்கள். வலது காதுக்கு அதே உயரத்தில் இன்னொரு விரல். அது அவள். துணியை நெற்றி வழியாகச் சுற்றி இழுத்து அளந்தேன். படத்தில் நாத்தனார் போடச் சொன்ன நேர்க்கோடு இதுதான். பிறகு அதே துணியை உச்சந்தலைக்கு மேலாகப் போட்டு இழுத்தேன்.

துணி மிஞ்சியது. இரண்டு விரல் அகலம் மிஞ்சியது.

நம்பிக்கை இல்லாமல் மறுபடி அளந்தேன். அவர் கூச்சத்தில் நெளிந்தார். மறுபடியும் மிஞ்சியது. துணி மேஜைமேல் கிடக்கும்வரைதான் கோடு நேராக இருக்கும், ஒரு உடம்பின்மேல் ஏறிவிட்டால் குறுக்கு வழியே வேறு என்பது என் கைக்கு எத்தனையோ வருஷமாகத் தெரியும். தோள்பட்டை வெட்டும்போதெல்லாம் தெரியும். மூளைக்குத்தான் எட்டவில்லை.

"அப்போ அவன் குறுக்கு வழியிலதான் வர்றானா?"

"டிரைவருன்னா அப்படித்தான்" என்றார் அவர். அந்தக் காலையில் அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்கணும். ஏதோ அந்த விமானத்தை அவரே ஓட்டுகிற மாதிரி.

நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கையில் இருந்த துணியைப் பார்த்தேன், அவர் தலையைப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன். எனக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது, புரியப் புரிய உடம்பு சிலிர்த்தது. இந்த நிமிஷம் பூமியின் உச்சந்தலைக்கு மேலே ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குக் கீழே ஒரு வீடு இல்லை, ஒரு விளக்கு இல்லை, பனியைத் தவிர எதுவும் இல்லை. அங்கே நின்றால் எல்லாத் திசையும் தெற்குதானாம், அவர் சொன்னார். அப்படிப்பட்ட இடத்தில் அவன் மடியில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் யாரோ ஒருத்தி, என்னைப் பார்க்காதவள், இவரைப் பார்க்காதவள், ஒருநாள் முழுக்க ஊசி குத்திக்கொண்டு படுத்து எடுத்துக் கொடுத்தது. அவளுக்கு நாங்கள் யார்? சுற்றுகிற இவ்வளவு பெரிய உருண்டையில் அவள் ஒரு பக்கம் நின்று நீட்டுகிறாள், நாங்கள் மறுபக்கம் நின்று கை நீட்டுகிறோம். நான் சாமிக்குக்கூட அவசரமாகத்தான் கும்பிடு போடுகிறவள். அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே வெறும் வானத்தைப் பார்த்துக் கை கூப்பினேன்.

மதியத்துக்கு மேல் மஞ்சள் விமானம் படத்தின் மேல் விளிம்பில், இந்தப் பக்கம், மறுபடி முளைத்தது. மூக்கு இப்போது கீழே, எங்களைப் பார்த்து. நாத்தனார் போனில் "வந்துட்டான்டி, வந்துட்டான்!" என்று அலறியதில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ராத்திரி, விமானம் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் விமானி மாதிரி விறைப்பாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். கசங்கிய கோட்டும் தொப்பையுமாக, யார் வீட்டுக் கல்யாணத்திலோ வழி தெரியாமல் நிற்கிற சித்தப்பா போல ஒருவர் தாழ்வாரத்தில் நின்றார். பெட்டியின் வார் அவர் தோளில் குறுக்காக மாட்டியிருந்தது. கையெழுத்துகள் எல்லாம் முடியும் வரை அதைக் கழற்ற மறுத்துவிட்டார். கழற்றியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, கழிவறை எங்கே?

"பாவம், விமானத்துல போகலையா?" என்று கேட்டேன். கோஆர்டினேட்டர் அவர் மொழியில் கேட்டுவிட்டு எனக்குச் சொன்னாள். "போனாராம். பெட்டியையும் உள்ளே தூக்கிட்டுப் போனாராம். அந்தச் சின்ன இடத்துல ரெண்டு பேருக்கும் சேர்த்து இடம் போதலையாம்." பெட்டியையும் ஓர் ஆளாக எண்ணித்தான் 'ரெண்டு பேர்' என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு நன்றி சொல்ல என்னிடம் அவர் பாஷை இல்லை. திரும்பி வந்தவருடைய கோட்டில், வார் உரசி உரசித் தோள் தையல் விட்டிருந்தது தெரிந்தது. கைப்பையில் ஊசி நூல் எப்போதும் இருக்கும். கோட்டைக் கழற்றச் சொல்லி, பெஞ்சில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தேன். அவர் தையலைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மறுநாளே திரும்பிப் போக வேண்டுமாம்.

உள்ளே பையைத் தொங்கவிட்டபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பை. தக்காளிச் சாறு நிறத்தில் கொஞ்சம்.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான்" என்றாள் நர்ஸ். குழாய் வழியாக அது அவர் நெஞ்சுப் பக்கத்து நரம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது.

"நரம்புல ஏத்துறீங்களே. எலும்புக்குள்ளேதானே போகணும்? யாரு கொண்டு போய் விடுவாங்க?"

"யாரும் கொண்டு போக வேண்டாம். ரத்தத்தோட சுத்தி வந்து, எலும்பைக் கண்டுபிடிச்சு அதுவே உள்ளே போயிடும்."

"வழி?"

"அதுக்கே தெரியும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக வழி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. படம் இல்லை, மஞ்சள் விமானம் இல்லை. தோலுக்கு அடியில், ஒரு சாண் தூரத்தில் நடக்கிற பயணம். அதற்கு எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டேன். "ரெண்டு வாரமாகலாம், மூணு வாரமாகலாம். சில பேருக்கு அது நடக்காமலே போகலாம்" என்றாள். உலகத்தையே சுற்றி வந்தது ஒரு பகலில் வந்துவிட்டது. இந்த ஒரு சாணுக்கு மூன்று வாரம்.

அந்த மூன்று வாரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள். அவர் வாய் முழுக்கப் புண். தண்ணீர் இறங்கவில்லை, பேச்சு நின்றுவிட்டது. ஈறில் ரத்தம் கசிந்தால் நிற்காது. துணியை வைத்து அழுத்திக்கொண்டு, கை மரத்துப்போகும் வரை உட்கார்ந்திருப்பேன். கடைசியில் வேறு ஒரு பை ஏற்றித்தான் நிறுத்துவார்கள். ஒவ்வொரு நாளும் காலையில் நாத்தனார் போன் செய்து ஒரே கேள்விதான் கேட்பாள். "எங்கே வந்திருக்கு?"

"தெரியலை அண்ணி. அதுக்குப் படம் கிடையாது."

"என்ன ஆஸ்பத்திரியோ போ!" என்று வைத்துவிடுவாள். தம்பியைப் பற்றிக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பெரிய டாக்டரே வந்தார். முகமூடிக்கு மேலே அவர் கண் சிரித்தது. "உள்ளே போய் உட்கார்ந்துட்டாங்க. நேத்துலேருந்து புது ரத்தம் ஊறுது. இனிமே இது உங்க ஊத்து" என்று என் கணவர் தோளைத் தொட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டருக்கு நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. போனை எடுத்து நாத்தனாரை அழைத்தேன். தினமும் கேட்கிறாளே, அவளுக்கு முதலில் சொல்ல வேண்டும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரே மூச்சில் சொன்னேன்.

"அண்ணி... போய்ச் சேர்ந்தாச்சு!"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அதன் பிறகு, "ஐயோ, என் தம்பீ..." என்று ஓர் ஓலம் எழுந்தது.

அப்போதுதான் நான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று உறைத்தது. "அண்ணி, இல்லை அண்ணி, அது இல்லை, செல்லு..." என்று நானும் அழுகையும் சிரிப்புமாகக் கத்துகிறேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. தம்பி பிறந்த கதையிலிருந்து ஆரம்பித்துவிட்டாள்.

கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டது. போனை வாங்கினார். இரண்டு வாரமாகப் பேசாத வாயைத் திறந்தார்.

"அக்கா."

ஓலம் நிற்கவில்லை.

"அக்கா, நான்தான். கொஞ்சம் நிறுத்து, காது வலிக்குது."

நின்றது. பிறகு சின்னக் குழந்தை பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது. "டேய்... நீயா?"

"நான்தான்க்கா. உன் தம்பிதான்."

"உன் பொண்டாட்டிக்குத் தமிழ்ல வேற வார்த்தையே கிடைக்கலையாடா!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் சிரித்துவிட்டார். நிஜமான சிரிப்பு. புண் ஆறி வறண்டிருந்த உதடு வெடித்து, ஒரு பொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது.

எனக்குச் சிரிப்பு நின்றது. பழக்க தோஷம், துணிச் சுருளைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்து குனிந்தேன். அழுத்த வேண்டியிருக்கவில்லை. அதற்குள் ரத்தம் தானாகவே நின்று, உதட்டில் சின்ன முத்தாக உறைந்திருந்தது. இத்தனை நாள் உறையாத ரத்தம். அது அவருடைய ரத்தம் இல்லை. போனில் திட்டிக்கொண்டிருந்த அக்காவுடையதும் இல்லை. உலகத்தின் அந்தப் பக்கத்தில், இந்நேரம் சாப்பிட்டுக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருக்கிற ஒருத்தியுடையது, என் கணவர் உதட்டில்.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். துடைக்க மனம் வரவில்லை.